ஏவிய கையும் கையே

பஞ்சசீலத்தின் முதற்சீலம் நாவால் ஓதுதற்கு எளிது. உயிர்க்கொலை தவிர்ப்போம் என்று நாள்தோறும் சொல்லுகின்றோம். கத்தி எடாதவன், கண்ணி வையாதவன், கல் எறியாதவன், தான் அச்சீலத்தைக் காத்துவிட்டதாக எண்ணி மனவமைதி கொள்கின்றான். ஆனால் சீலத்தின் நடுவிடத்தில் ஐயம் எழுவதில்லை. அதன் ஓரத்திலேதான் எழுகின்றது. அவ்வோரத்திலிருந்து ஒரு வினா நம்மிடம் வந்துள்ளது.

பெங்களூரில் அலங்கார மீன் கடையொன்றில் பணிபுரியும் இளம் அன்பர் ஒருவர் வினவுகின்றார்: "கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போருக்குப் பீடையாய் வந்து சேரும் கடற்சாமந்தி ஒன்று உண்டு. அதனை மருந்திட்டுக் கொல்ல என் மனம் ஒப்பவில்லை. அதைத் தின்னும் மீனையோ இறாலையோ தொட்டியில் விட்டால், அது தன் இயற்கைப்படி தின்றுகொள்ளும். நான் கொன்றவன் ஆகேன். இவ்வாறு செய்தால் முதற்சீலம் காக்கப்பட்டதாகுமா?"

கண்ணாடித் தொட்டிக்குள் நிகழும் இச்சிறு செய்திக்கு இத்துணைப் பெரிய ஆராய்ச்சி வேண்டுமோ என்று சிலர் நகைக்கக்கூடும். வேண்டும் என்பதே நம் கருத்து. இவ்வினாவின் அடியில் கிடக்கும் வாதம் மீன்தொட்டியோடு நிற்பதன்று. அவ்வாதத்தின் பாரத்தை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகத் தம் முதுகில் சுமந்தவர்கள். அதனைப் பின்னர்க் காட்டுவோம்.

முதலில் செய்தியை உள்ளவாறு அறிவோம். கடற்சாமந்தி என்பது பூப்போல் தோன்றும் விலங்கு. பாறையில் அடியை ஊன்றி, வாயைச் சுற்றிலும் மெல்லிய உணர்கொம்புகளை விரித்து நிற்கும். அக்கொம்புகளில் கொட்டும் நுண்ணணுக்கள் உள்ளன. அவற்றால் சிற்றுயிர்களைப் பிடித்து உண்ணும்; அண்டையிலுள்ள பவளத்தையும் சுட்டுப் புண்படுத்தும். நம் அன்பர் குறிப்பது ஐப்டேசியா என்னும் பெயருடைய சிறு வகை. விலைக்கு வாங்கிய பாறைத் துண்டிலோ பவளத் துண்டிலோ கண்ணுக்குப் புலப்படாத அளவில் ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வந்துவிடும். தீனி மிகுந்த தொட்டியில் விரைந்து பெருகும். அது நகரும்போது அதன் அடிப்பாகத்திலிருந்து பிய்ந்து நிற்கும் துணுக்கு ஒவ்வொன்றும் தனியுயிராய் வளரவல்லது. ஆகவே நசுக்கினால் குறையாது. சிதறிய துணுக்குகளிலிருந்து பலவாகும்.

இதனை ஒழிக்க இருவழிகளைக் கைக்கொள்கின்றனர். ஒன்று, பீச்சுகுழலால் சுண்ணாம்புக் குழம்பையோ எலுமிச்சைச் சாற்றையோ கொதிநீரையோ அதன் வாயில் செலுத்துவது. மற்றொன்று, அதனை உண்ணும் உயிரைத் தொட்டியில் விடுவது. செந்நிறக் கோடுகளையுடைய பெப்பர்மின்ட் இறால் இரவில் வெளிவந்து இதைத் தின்னும். நீண்ட மூக்கும் செம்புநிறப் பட்டைகளும் உடைய வண்ணத்துப்பூச்சி மீன் கொத்தித் தின்னும். பெர்கியா என்னும் ஓடற்ற சிறு கடல்நத்தையோ ஐப்டேசியாவை அன்றி வேறொன்றும் உண்ணாது. வியப்பென்னவெனில், தான் தின்ற சாமந்தியின் கொட்டணுக்களை அது சீரணிக்காமல் தன் முதுகுத் தூவிகளில் சேர்த்துவைத்துத் தனக்குப் படைக்கலமாக்கிக்கொள்ளும்.

இவ்விரண்டாம் வழியைத்தான் நம் அன்பர் "இயற்கை" என்கின்றார். இச்சொல்லைச் சற்றே நிறுத்தி விசாரிப்போம்.

கடலில் ஒரு மீன் ஒரு சாமந்தியைத் தின்னுமாயின், அங்கே ஏவினவர் ஒருவரும் இலர். மீன் பசித்து வந்தது. விரும்பினால் வேறிடம் செல்லும். தொட்டியின் நிலை அத்தகையதோ? மீனை வேற்றுக்கடலில் பிடித்து, பையில் அடைத்து, விலை கொடுத்து வாங்கி, நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் விட்டவர் நாம். சாமந்தியை அதே சுவர்களுக்குள் கொணர்ந்தவரும் நாம். இன்னது இன்னதைத் தின்று ஒழிக்கவேண்டும் என்று கருதிச் சேர்த்தவரும் நாமே. பசி மீனுடையது, திட்டம் நம்முடையது. மீனின் பசி இயற்கை என்பது மெய். நம் திட்டத்தையும் இயற்கை என்று சொல்வது மெய்யன்று.

இதில் நம் முன்னோரின் ஆராய்ச்சி யாது? கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும், காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததைத் தம் உரையிலேயே குறித்தவருமாகிய புத்தகோசரின் பெயரால் வழங்கும் பாலி உரைகள், கொலை என்னும் வினைக்கு ஐந்து உறுப்புகள் கூறும். எதிரே உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிர் என அறிந்திருத்தல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் அவ்வுயிர் மாய்தல் என்பன அவை. மேலும், கொல்லும் முயற்சி ஆறு வகைப்படும் என்பர். தன் கையால் செய்தல் அவற்றுள் ஒன்று மட்டுமே. பிறரை ஏவிச் செய்தலும், எய்தும் எறிந்தும் செய்தலும், குழி பொறி முதலியவற்றை நிலையாக அமைத்துவைத்தலும் அவ்வாறனுள் அடங்கும். எஞ்சிய இரண்டும் மந்திரமும் சித்தியும் பற்றியவை.

மீனை விடுதல் இவற்றுள் எதனைச் சாரும்? ஏவுதலுக்கும் பொறிவைத்தலுக்கும் இடையே அதனை வைத்து எண்ணலாம் என்பது நம் துணிபு. ஏவலாள் சொல்லை உணர்ந்து செய்வான், மீன் உணராது. பொறி உயிரற்றது, மீன் உயிருடையது. ஆயினும் இரண்டிலும் எண்ணம் வைத்தவனிடமே உள்ளது. மேற்சொன்ன ஐந்து உறுப்புகளும் மீனை விட்டவனிடம் ஒன்றும் குறையாமல் நிரம்பியிருக்கின்றன. ஆகவே அன்பரின் வினாவுக்கு நேர் விடை இது: கருவி மாறிற்று, வினை மாறவில்லை.

இங்கு ஒருவர் எதிர்வினா எழுப்பலாம். "வீட்டில் பூனை வளர்ப்பவர் எலிக்கொலைக்கு ஆளாவரோ? நடக்கும்போது காலடியில் எறும்பு மடிந்தால் அதுவும் கொலையோ?" இவ்வினா பழையது. நாளந்தையில் உபாலி என்னும் இல்லறத்தாரோடு பகவன் நிகழ்த்திய உரையாடலில் இதுவே பொருள். உடலின் செயலைவிட உள்ளத்தின் செயலே வலிது என்பதை அங்கே பகவன் நிலைநாட்டினார். கருதாது மிதித்தது கொலைவினை அன்று. அன்புக்காக வளர்த்த பூனை தானே எலியைப் பிடித்தால் அஃது ஒன்று. எலியைக் கொல்லவே பூனையைக் கொணர்ந்து பட்டினியிட்டு அவிழ்த்துவிட்டால் அது வேறு. அளவுகோல் எண்ணமே.

சாமந்திக்கு மூளை இல்லையே, நரம்பு வலை மட்டுந்தானே உண்டு என்பதையும் சிலர் எடுத்துக்காட்டுவர். தொட்டால் சுருங்குகின்றது, தன்னைக் காத்துக்கொள்கின்றது, அதுவும் உயிரே. சிற்றுயிரைக் கொல்வதில் குற்றம் சிறிது, பேருயிரைக் கொல்வதில் குற்றம் பெரிது என்று உரைகளும் தரம் பிரிக்கின்றன. ஆகவே சாமந்தியைக் கொன்றவரை மகாபாதகர் என்று நாம் பழிக்கவில்லை. சிறிய குற்றம் என்று சொல்லலாம். குற்றமே இல்லை என்று சொல்லலாகாது. இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவு பெரிது. முன்னதைச் சொல்பவன் தன் செயலைக் காண்கின்றான். பின்னதைச் சொல்பவன் தன் கண்ணைத் தானே மூடிக்கொள்கின்றான்.

இனி, முன்னர்க் காட்டுவோம் என்ற பாரத்துக்கு வருவோம்.

"செய்தது அவன், அஃது அவன் இயல்பு, என் கை தூயது." இவ்வாசகம் நம் செவிக்குப் புதியதோ? இறந்த மாட்டை இழுத்தவர் யார்? தோலை உரித்தவர் யார்? சுடுகாட்டில் விறகடுக்கி நின்றவர் யார்? உரித்த தோல் செருப்பாகி ஒருவர் காலில் ஏறிற்று. அவர் தூயவர் எனப்பட்டார். அதே தோல் மத்தளமாகிக் கோயிலுக்குள் முழங்கிற்று. அது மங்கலம் எனப்பட்டது. உரித்தவர் மட்டும் தீண்டத்தகாதவர் எனப்பட்டு வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். வேலையை ஏவியவருக்கு மேன்மை. வேலையைச் செய்தவருக்கு இழிவு. "ஏன் இவர்கள் இத்தொழில் செய்கின்றனர்?" என்று எவரேனும் கேட்டால், "பிறவி இயல்பு" என்னும் ஒரு சொல் விடையாய்க் கிடைத்தது. சாதி என்னும் கட்டடத்துக்கு இச்சொல் ஒரு தூண். பயனை ஒருவர் எடுத்துக்கொண்டு, பழியை மற்றொருவர் இயல்பின்மேல் ஏற்றிவிடுவதே அத்தூணின் வேலை.

மனிதரை மீனோடு ஒப்பிடுகின்றோம் என்று ஒருவரும் கருதற்க. நாம் ஒப்பிடுவது சொல்லையே. இச்சொல்லால் காயம்பட்டு, அதனை உதறிவிட்டுப் பகவனைச் சரணடைந்த மக்கள் நாம். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும், 1956 அக்டோபர் 14இல் பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு தம்மத்தை ஏற்றதும், இயல்பு என்னும் இப்பொய்யை மறுத்தற்கே. அப்பொய்யை ஒரு மீன்மேல் ஏற்றிச் சொன்னாலும், நம் நாவில் பழைய ஆண்டையின் குரலே ஒலிக்கும். அக்குரல் நமக்கு வேண்டா.

நூற்பாலையில் பல்லாண்டு நின்று உழைத்த நாம் இதே வாதத்தை வேறோர் உருவிலும் கேட்டதுண்டு. எந்திரப் பட்டையின்மேல் இருந்த காப்புத் தகடு வேலையின் விரைவைக் குறைக்கின்றது என்று அதனைக் கழற்றிவைக்கச் சொல்வர். பின்னொருநாள் ஒரு தொழிலாளியின் விரல் போகும். "எந்திரம் விரலை எடுத்துவிட்டது" என்று ஏட்டில் எழுதுவர். எந்திரம் எதையும் எடுப்பதில்லை. தகட்டைக் கழற்றச் சொன்ன வாய் ஒன்று இருந்தது. அதன் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை.

தன் கையைத் தான் காணாதவன் நல்லவனாகத் தன்னைக் கருதுவதோடு நில்லான்; அறிவையும் இழப்பான். இதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1872இல் ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில் எலிகளை ஒழிக்க எண்ணி, எஸ்பியூட் என்னும் தோட்ட முதலாளி கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிப்பிள்ளைகளை வரவழைத்தார். தொடக்கத்தில் எலிகள் குறைந்தன, முதலாளிகள் மகிழ்ந்தனர். ஆனால் கீரி பகலில் திரிவது. எலி பெரிதும் இரவில் திரிவது. பெருகிய கீரிகள் தரையில் கூடுகட்டும் பறவைகளையும் ஓணான் பாம்பு முதலியவற்றையும் கோழிகளையும் தின்னத் தலைப்பட்டன. பின்னர்க் கீரியே பீடை எனப்பட்டது. அதே தீவின் தோட்டங்களுக்கு 1845 முதல் இந்திய நாட்டு மக்களும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். கூலியாயினும் கீரியாயினும், கரும்புக்குப் பயன்படும் கருவி என்ற ஒரே கண்ணே அன்று அவர்களைப் பார்த்தது.

கருவியாக்கப்பட்ட உயிருக்கு வேலை முடிந்தபின் நேர்வது யாது? அன்பரின் தொட்டிக்கே திரும்புவோம். பெர்கியா நத்தை ஐப்டேசியாவை அன்றி வேறு உண்ணாது என்றோம். கடைசிச் சாமந்தி மறைந்த அன்று அதற்கு உணவும் மறைந்தது. வெற்றி நாளே அதன் பட்டினியின் முதல் நாள். வண்ணத்துப்பூச்சி மீனோ, பெரும்பாலும் கடலிலிருந்தே பிடித்து வரப்படுவது. புதுத் தொட்டியில் தீனி கொள்ளாமலே மடிவன பல. இறால்களுள்ளும் சில சாமந்தியைத் தீண்டாமல் மற்றத் தீனியையே நாடும். அவற்றை உதவாதவை என்பர். ஆலைகளில் பதிலித் தொழிலாளியாய் வாயிலில் நின்றவர்களுக்கு இக்கணக்கு புரியும். வேலை உள்ளவரை ஆள்; வேலை முடிந்தால் யாரோ. ஆகவே இயற்கை வழி என்று சொல்லி ஒருயிரைக் கொல்லாமல் விட்டோம் என்போர், உண்மையில் ஈருயிரின் கணக்கை ஏற்கின்றனர்: தின்னப்பட்டது ஒன்று, தின்னவைக்கப்பட்டது ஒன்று.

அங்ஙனமாயின் கைகட்டி இருப்பதோ? பவளங்கள் சாமந்தியால் சுடப்பட்டு அழிவதைப் பார்த்திருப்பதும் அறமோ? பாபாசாகேப் தமது 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் இவ்விடத்தில் ஒரு வேறுபாடு காட்டுகின்றார். கொல்லும் வேட்கை வேறு. கொல்லவேண்டிய தேவை வேறு. அகிம்சை கண்மூடிப் பின்பற்றும் விதியன்று. சிந்தித்துக் கைக்கொள்ளும் நெறி. இவ்வேறுபாட்டைத் துலாக்கோலாகக் கொள்வோம்.

உழவர் நிலை ஒன்று. மரவள்ளிப் பயிரை அழிக்கும் மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் காணப்பட்டது. தமிழகத்திலும் பரவி உழவரை வாட்டிற்று. பெங்களூரிலுள்ள தேசிய ஆராய்ச்சி நிலையத்தார் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, ஆராய்ந்து, 2022இல் சேலம் மாவட்டத்தில் வெளியிட்டனர். அதுவும் உயிரை உயிரால் வெல்லும் வழியே. ஆனால் அங்கே தட்டில் இருப்பது ஏழைக் குடும்பத்தின் உணவும் கடனும்; விடுவதற்கு முன் ஆராய்ச்சியும் நடந்தது. தேவை என்னும் சொல் அங்கே பொருந்தும்.

பவளத் தொட்டியில் அச்சொல் அத்துணை எளிதில் பொருந்தாது. ஒருவரும் பசிக்காகப் பவளம் வளர்ப்பதில்லை. அழகின் விருப்பம் முதலில் வந்தது. விருப்பத்தோடு பாறை வந்தது. பாறையோடு சாமந்தி வந்தது. சாமந்தியோடு கொலைத்தேவை வந்தது. கிளையில் தேவையாய்க் காண்பது வேரில் வேட்கையே. பீடை என்னும் பெயரும் நம் விருப்பத்திலிருந்து பிறந்ததுதான். இதே ஐப்டேசியாவை அறிவியலார் ஆய்வுக்கூடங்களில் பேணி வளர்க்கின்றனர். பவளத்தைப் போலவே இதுவும் தன் உடலுள் நுண்பாசியை வைத்து வாழ்வதால், கடல் வெப்பத்தால் பவளம் வெளுப்பதன் காரணத்தை இதனிடத்தில் ஆராய்கின்றனர். 2015இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டனர். ஒரு மேசையில் பீடை, மறு மேசையில் ஆசான். சாமந்தி மாறவில்லை, மேசைதான் மாறிற்று.

இவற்றையெல்லாம் கருதி, நம் அன்பருக்கும் அவர்போல் தொட்டி பேணுவோருக்கும் நாம் கூறுவன இவை.

முதலாவது, வருமுன் காத்தல். பிக்குவின் எட்டு உடைமைகளுள் நீர்வடிகட்டி ஒன்று. குடிக்கும் நீரில் உள்ள சிற்றுயிர் மாயாதிருக்க, குடிக்குமுன் வடிப்பது அதன் பயன். கொன்றபின் வருந்துவதற்கன்று, கொல்லும் நிலையே நேராதிருப்பதற்கு அமைந்த கருவி அது. புதுப் பாறையையும் புதுப் பவளத்தையும் தனித் தொட்டியில் சில கிழமை வைத்துப் பார்த்து, ஒட்டியிருப்பதைக் கண்டறிந்து, பின்னரே பெருந்தொட்டியில் சேர்த்தல் இக்காலத்து நீர்வடிகட்டியாகும். தீனியை அளவாக இடுதலும் அவ்வகையதே.

இரண்டாவது, பொறுத்தலும் பிரித்தலும். ஒன்றிரண்டு சாமந்தி பவளத்துக்கு எட்டாத மூலையில் இருப்பின் இருந்துவிட்டுப் போகட்டும். பாறையோடு எடுக்கக்கூடியதாயின், வேறொரு சிறு கலத்தில் வைத்தால் எளிதில் வாழும்.

மூன்றாவது, வேறு வழியின்றிச் செய்யநேர்ந்தால், செய்கின்றேன் என்று அறிந்து செய்தல். குழலால் செய்யினும் மீனால் செய்யினும் கொன்றது நான் என்று உள்ளத்தில் உரைத்துக்கொள்ளுதல். மீனை விடுவதாயின், கடலில் பிடித்ததை விடுத்து, வளர்ப்பில் பிறந்ததைத் தேடுதல். வேலை முடிந்தபின் அதற்கு உணவும் இடமும் யார் தருவார் என்பதை விடுவதற்கு முன்னரே ஏற்பாடு செய்தல். எவ்வுயிரையும் ஏரியிலோ கடலிலோ கொண்டுபோய் விடாதிருத்தல். ஜமைக்காவின் பாடம் அதுவே.

நான்காவது, கடைப்பணியில் இருக்கும் நம் அன்பருக்குத் தனியாக ஒன்று. தொட்டியின் உடைமையாளர் அவர் அல்லர்; பிழைப்புக்காகப் பணிபுரிகின்றார். அவர்மேல் முழுப்பழியையும் சுமத்துவோமாயின், ஏவியவரை விடுத்துச் செய்தவரைத் தூற்றும் பழைய தவற்றையே நாமும் செய்தவராவோம். எனினும் வாய்மை அவர் கையில் உள்ளது. நத்தையை விலைக்குக் கேட்பவரிடம், "இது சாமந்தி தீர்ந்ததும் பட்டினியால் மடியும், மற்றொருவர் தொட்டிக்கு மாற்றித்தர ஏற்பாடு செய்யுங்கள்" என்று சொல்லுதல் அவரால் இயலும். நம் நாட்டுக் கடலின் பாறைப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. அவற்றைப் பெயர்த்து விற்பது குற்றம் என்று உரைத்தலும் இயலும். சில நேரம் ஒரு விற்பனை குறையும். நல்வாய்மையும் நல்வாழ்க்கைத் தொழிலும் எண்வழியின் இரண்டு உறுப்புகள் என்பதை நாம் வெறும் பாடமாகவோ படித்தோம்?

அன்பர்களே, சீலம் என்பது கையில் கறை படாமல் காக்கும் உறையன்று. கறை எங்கே படுகின்றது என்று காட்டும் விளக்கு அது. உறை அணிந்தவர் எதனையும் தொடலாம், யாரையும் ஏவலாம், பின்னர்க் கழற்றி எறிந்துவிட்டுத் தூயவராய் அமரலாம். அவ்வகைத் தூய்மையின் விலையை நம் பாட்டன்மார் கொடுத்தனர். விளக்கை ஏந்தியவரோ தம் கையையும், அக்கை ஏவிய உயிரையும், அவ்வுயிர் தின்ற உயிரையும் ஒருங்கே காண்பர். கண்டபின் அவர் செய்வது குறையும். செய்வதிலும் இரக்கம் மிகும்.

எல்லா உயிர்களும் நலம் பெறுக. ஏவுவோர் தம் கையைக் காண்க.